வளரும் ஊரில் நிலத்தடி நீரைச் சோதிப்பது: கிணற்றடியில் தொடங்கி அறிக்கையைப் படிப்பது வரை

வயலும் தோப்புமாக இருந்த இடத்தில் மனை போட்டு, வீடுகள் எழும்பி, சில ஆண்டுகளுக்குள் தெருவுக்கு நாற்பது போர்வெல்லும் நாற்பது செப்டிக் டேங்க்கும் வந்துவிட்ட ஊர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வருவதற்கு முன்பே ஆட்கள் குடிவந்துவிட்ட இடங்கள் இவை. ஒரே மண்ணில் மேலே கழிவை இறக்கிவிட்டு, கீழே குடிக்கத் தண்ணீர் எடுக்கிறோம்.

தெருக்காரர்கள் சேர்ந்து தண்ணீரைச் சோதிக்கக் கிளம்பியபோது பலமுறை நானும் கூட இருந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்குக் கொண்டுபோகிறார்கள். இருபது எண்கள் அச்சடித்த தாள் ஒன்று வருகிறது. அந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தது, வழியில் எதைக் கடந்தது என்று யாருக்கும் தெரியாததால் அந்தத் தாள் அலமாரிக்குள் போய்விடுகிறது. கீழே நான் சொல்லும் வரிசையில் பாட்டில் ஏழாவதாகத்தான் வரும்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்?

மூன்று கேள்விகள் உண்டு. "இதைக் குடிக்கலாமா?" என்பது ஒன்று. "கெடுதல் எங்கிருந்து வருகிறது?" என்பது இன்னொன்று. "வருடா வருடம் மோசமாகிறதா?" என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் மாதிரி எடுக்கும் முறை வேறு. முதல் கேள்விக்கு ஒரு வீட்டின் கிணற்று நீரும் குடிக்கும் குழாயின் நீரும் போதும். இரண்டாவதற்கு ஒரே நாளில் பல கிணறுகள் வேண்டும். மூன்றாவதற்கு அதே கிணற்றில், அதே முறையில், பல தடவை எடுக்க வேண்டும். கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இதை முடிவு செய்யாமல் எடுத்த மாதிரி மூன்றுக்குமே அரைகுறைப் பதில்தான் தரும்.

2. முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு. நீளமான இரும்பு டேப், சாக்பீஸ். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் தண்ணீர் டியூப். மின்கடத்துத்திறனும் (நீரில் கரைந்த உப்பு கூடக் கூட இது ஏறும்) பி.எச்.சும் (அமிலத் தன்மையின் அளவு) காட்டும் கைக்கருவி, அதைச் சரிபார்க்கும் கரைசல்கள். ஐஸ் கட்டி வைத்த பெட்டி. ஸ்பிரிட், பஞ்சு, கையுறை. அழியாத மையில் எழுதும் பேனா.

பாட்டில்களை லேபிலிருந்தே வாங்குங்கள். கிருமிச் சோதனைக்கு முத்திரையிட்ட கிருமி நீக்கிய பாட்டில், உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்க்கும் பாட்டில், ரசாயனச் சோதனைக்குச் சாதாரண பாட்டில் என்று தனித்தனியாகத் தருவார்கள். வீட்டில் கிடந்த குளிர்பான பாட்டிலில் பிடித்துப் போனால் கிருமிச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அதில் வளர்ந்தது கிணற்றுக் கிருமியா, பாட்டில் கிருமியா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

லேபுக்கு முன்னதாகவே போன் செய்து, எந்தக் கிழமைகளில் கிருமி மாதிரி வாங்குவார்கள், எத்தனை மணி வரை வாங்குவார்கள் என்று கேட்டுவிடுங்கள். வார விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை எடுத்த மாதிரி பெரும்பாலும் வீணாகிறது.

3. கிணற்றின் பிறப்புக் குறிப்பு

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஆண்டு தோண்டியது, மொத்த ஆழம், கேசிங் குழாய் (மேல் மண்ணும் மேல்மட்டத் தண்ணீரும் உள்ளே வராமல் தடுக்கும் வெளிக்குழாய்) எவ்வளவு ஆழம் வரை இறங்கியது, மோட்டார் எந்த ஆழத்தில் தொங்குகிறது, தோண்டும்போது எந்த அடியில் மண் முடிந்து பாறை வந்தது, எந்த அடியில் தண்ணீர் தட்டியது. போர் போட்டவரிடமோ அன்று கூட நின்ற பெரியவரிடமோ கேட்டால் ஓரளவு கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கேசிங் ஆழம். 100 மீட்டர் போர் என்பதால் 100 மீட்டரிலிருந்து தண்ணீர் வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கேசிங் 6 மீட்டரில் நின்றுவிட்டால் ஏழாவது மீட்டரில் உள்ள பாறை இடுக்கிலிருந்தும் தண்ணீர் உள்ளே கசியும். ஆழமான போர் என்ற பெயர் இருக்கும், குடிப்பதில் ஒரு பங்கு மேல்மட்டத் தண்ணீராக இருக்கும்.

4. கிணற்றடியில் நின்று பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் கிணற்றுச் சுகாதார ஆய்வுக்கென்று ஆம், இல்லை என்று பதில் சொல்லும் எளிய கேள்விப் படிவங்கள் வைத்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: கேசிங் வாய் தரைக்கு மேல் உயர்ந்து இருக்கிறதா, மூடி இறுக்கமாக உட்காருகிறதா, கேபிள் நுழையும் துளை அடைபட்டிருக்கிறதா, சுற்றிலும் சிமெண்ட் மேடை வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, அதில் வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா, மாடு கட்டுகிறார்களா, துணி துவைக்கிறார்களா.

இதை நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறை பாருங்கள். வெயில் நாளில் ஒழுங்காகத் தெரிந்த ஒரு கிணற்றடியில், மழையன்று கேசிங்கை ஒட்டி ஒரு விரல் அகல இடைவெளியில் தண்ணீர் சுழன்று உள்ளே இறங்குவதைக் கண்டோம். அந்தக் கிணற்றில் மழைக்குப் பிறகு மட்டும் கிருமி வந்துகொண்டிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

கைவிட்ட பழைய போர்களையும் தேடிக் கணக்கெடுங்கள். மண்ணும் களியும் வடிகட்ட வேண்டிய தண்ணீர், மூடாத பழைய போர் வழியாக வடிகட்டாமல் நேராக ஆழத்துக்குப் போய்விடும். புதர் மறைத்திருந்தாலும் அந்த இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். குழந்தைகள் விழும் ஆபத்தும் இருப்பதால் அன்றைக்கே கனமான மூடி போட்டுவிடுவது நல்லது.

5. கழிவு எங்கே மண்ணில் இறங்குகிறது?

பெரிய தாளில் தெருவை வரைந்து, கிணறுகளை ஒரு நிறத்திலும் கழிவு இறங்கும் இடங்களை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி, திறந்த சாக்கடை, மாட்டுக் கொட்டகை, குப்பை கொட்டும் பள்ளம், பெட்ரோல் பங்க், வண்டிப் பட்டறை, சாயப்பட்டறை, மின்முலாம் பூசும் இடம், லாண்டரி, தண்ணீர் தேங்கும் பழைய குவாரி. முன்பு என்ன இருந்தது என்பதையும் கேளுங்கள். இன்று வீடு நிற்கும் இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் பட்டறையோ குப்பைமேடோ இருந்திருக்கலாம்.

"செப்டிக் டேங்க் இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். அடியில் கான்கிரீட் போட்டதா, கடைசியாக எப்போது கழிவை எடுத்தார்கள், வழிந்து வரும் நீர் எங்கே போகிறது என்று மூன்றையும் கேளுங்கள். கட்டி பத்து ஆண்டுகளாகியும் ஒருமுறைகூட நிரம்பவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். தொட்டி நிரம்பாமல் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நல்ல முறையில் கட்டிய தொட்டியும் நைட்ரஜனைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஒரு ஆள் ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ நைட்ரஜனை வெளியேற்றுகிறார். நாற்பது வீடுகளில் 160 பேர் என்றால் அரை டன் வரும். தொட்டியிலிருந்து அது அம்மோனியமாக வெளியேறி, காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு இறங்கிவிடும். வீடுகள் நெருக்கமாக வளரும் ஊரில் நைட்ரேட் ஏறுவதற்கு இதுவே முதல் காரணம்.

தூரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. கழிப்பிடக் குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர், குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் 1.5 மீட்டர் என்ற பேரிடர் நிவாரணப் பணியாளர்களின் அளவு பல ஊர்களில் விதிபோல் சொல்லப்படுகிறது. மணலும் களியும் உள்ள மண்ணில் அது ஓரளவு காப்பாற்றும். பாறை இடுக்கிலும் சுண்ணாம்புப் பாறைக் குகைகளிலும் தண்ணீர் வடிகட்டப்படாமலேயே ஓடுவதால் 30 மீட்டர் என்பது அங்கே காப்பே இல்லை. 1.5 மீட்டரையும் மழைக்காலத்தில் நீர்மட்டம் மேலே வந்த பிறகு அளக்க வேண்டும்.

6. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

பலர் தாண்டிப் போகும் படி இது. இதைச் செய்துவிட்டால் பிறகு எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் அர்த்தம் வந்துவிடும். கழிவுக் குழிக்கு மேல்பக்கத்தில், அதாவது நிலத்தடி நீர் ஓடி வரும் பக்கத்தில், 20 மீட்டரில் இருக்கும் கிணறு தப்பிவிடலாம், அது ஓடிப் போகும் கீழ்ப்பக்கத்தில் 80 மீட்டரில் இருப்பது மாட்டிக்கொள்ளலாம். தரைச் சரிவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும். ஆழமில்லாத கிணற்றையும் ஆழமான போரையும் கலந்தால் இரண்டு வேறு நீர்ப்படுகைகளை ஒன்றாக நினைத்துவிடுவோம். அதிகாலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன், முந்தைய இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்தபின் அளக்க வேண்டும். ஓடும் மோட்டார் தன்னைச் சுற்றி நீர்மட்டத்தைக் குழிபோல் இழுத்துவிடும்.

மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். டேப்பின் கடைசி ஒரு மீட்டரை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்தபின் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். துடைக்காமல் போனால் ஒரு கிணற்றின் கிருமியை அடுத்த கிணற்றுக்கு நாமே சுமந்து போவோம். டேப் கேசிங் விளிம்பில் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு மேலே இழுங்கள். சாக்பீஸ் நனைந்து கருத்த இடம் வரைக்கும்தான் தண்ணீர். விளிம்பு அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்ட ஆழம் கிடைக்கும். திறந்த கிணற்றில் எட்டிப் பார்ப்பதற்காகக்கூட உள்ளே இறங்காதீர்கள். காற்றில்லாத கிணறுகள் நொடியில் மயக்கிவிடும்.

இனி மூன்று கேசிங் விளிம்புகளின் உயர வித்தியாசம் தெரிய வேண்டும். போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். அதில் பல மீட்டர் பிழை வரும். நமக்கு வேண்டியதோ சில சென்டிமீட்டர் துல்லியம். தண்ணீர் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, சுவருக்குச் சுவர் மட்டத்தைக் கடத்திக்கொண்டே போகலாம். அரை நாள் வேலை, ஒருமுறை செய்தால் போதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். நாம் வைத்த ஒரு பொது மட்டத்திலிருந்து பார்த்தால் நீர்மட்ட உயரம் அ கிணற்றில் 98.40 மீட்டர், ஆ கிணற்றில் 97.90, இ கிணற்றில் 97.20. அ முதல் இ வரை 120 மீட்டர் தூரம், 1.20 மீட்டர் இறக்கம். 97.90 என்ற மட்டம் அதில் எங்கே வரும்? அ-விலிருந்து 0.50 மீட்டர் இறங்கிய இடத்தில், அதாவது 50 மீட்டர் தள்ளி. அந்தப் புள்ளியையும் ஆ கிணற்றையும் கோட்டால் இணையுங்கள். அது சமமட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, இ பக்கம் நோக்கி ஒரு அம்பு போட்டால் அதுதான் ஓட்டத் திசை.

பாறைப் பகுதியில் இந்த அம்பை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் இடுக்கு போகும் பக்கம் போகும். பெரிய அடுக்குமாடியோ தண்ணீர் லாரி நிரப்பும் இடமோ பக்கத்தில் நாள் முழுக்க உறிஞ்சினால் அம்பே அந்தப் பக்கம் திரும்பிவிடும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை அளந்தால் இது பிடிபடும்.

7. மாதிரி எடுப்பது

இப்போது பாட்டிலுக்கு வரலாம். கழிவு இறங்கும் இடத்துக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் இரண்டு கிணறு என்றாவது எடுங்கள். மேல்பக்கக் கிணறு இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை.

தண்ணீரை மோட்டாருக்கு அடுத்துள்ள முதல் குழாயில் பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டி, சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி), ஆர்.ஓ. எதையும் கடந்திருக்கக் கூடாது. தொட்டியின் அழுக்கைக் கிணற்றின் தலையில் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. குடிக்கும் குழாய் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அங்கே தனியாக இன்னொரு மாதிரி எடுங்கள்.

குழாயில் நின்ற பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள போரில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 17.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். 40 மீட்டர் நீர் நின்றால் 700 லிட்டர். சும்மா கிடந்த போர் என்றால் இதைப் போல மூன்று மடங்கு இறைக்க வேண்டும். தினமும் ஓடும் போரில் அவ்வளவு தேவைப்படாது. எதுவானாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்கடத்துத்திறனை அளந்து, மூன்று அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை காத்திருங்கள். பி.எச்., வெப்பநிலை இரண்டையும் அங்கேயே குறித்துவிடுங்கள். லேபுக்குப் போவதற்குள் அவை மாறிவிடும்.

அப்புறம் குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடையுங்கள். இரும்புக் குழாய் என்றால், ஸ்பிரிட் காய்ந்தபின், நெருப்பு காட்டலாம். ஒரு நிமிடம் தண்ணீர் ஓடட்டும். முதலில் கிருமி பாட்டில். அதை அலசக் கூடாது, மூடியைக் கீழே வைக்கக் கூடாது, வாயில் விரல் படக் கூடாது, குலுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் தயோசல்ஃபேட் சேர்த்த பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, இல்லை என்ற பொய்யான முடிவு வரும்.

பிறகு ரசாயன பாட்டில். இதை மூன்று தடவை அதே நீரால் அலசி, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். ஏற்கெனவே அமிலம் விட்டுத் தந்த உலோக பாட்டிலை மட்டும் அலசாதீர்கள், அமிலம் போய்விடும். பெட்ரோல் அல்லது கரைப்பான் சந்தேகம் இருந்தால் சிறிய கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். அந்தப் பொருள்கள் குமிழிக்குள் ஆவியாகித் தப்பிவிடும்.

எல்லாம் ஐஸ் பெட்டிக்குள், உறையாமல், வெயில் படாமல். கிருமி மாதிரி 6 மணி நேரத்துக்குள் லேபில் இருப்பது நல்லது, 24 மணியைத் தாண்டவே கூடாது. ஒரு கிணற்றில் இரண்டு முறை எடுத்து வேறு வேறு எண் போட்டு அனுப்புங்கள். இரண்டு முடிவும் நெருங்கி வந்தால் மற்றவற்றையும் நம்பலாம்.

8. எதையெல்லாம் சோதிக்கச் சொல்வது?

எல்லாக் கிணற்றுக்கும்: ஈ.கோலி (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி), மின்கடத்துத்திறன், பி.எச்., கலங்கல், நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியம், குளோரைடு, சல்ஃபேட், காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், இரும்பு, மாங்கனீஸ், ஃபுளோரைடு. ஒருமுறையாவது ஆர்செனிக், பாறைப் பகுதியில் யுரேனியமும். மீதி எல்லாம் ஐந்தாவது படியில் நீங்கள் வரைந்த படத்தைப் பொறுத்தது: முலாம் பூசும் இடம் இருந்தால் குரோமியம், நிக்கல், பெட்ரோல் பங்க் இருந்தால் பென்சீன், பட்டறையோ டிரை கிளீனிங் செய்யும் லாண்டரியோ இருந்தால் குளோரின் கலந்த கரைப்பான்கள், பேட்டரி உடைக்கும் இடம் இருந்தால் ஈயம்.

டிடிஎஸ் மீட்டரை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லது என்று தீர்ப்புச் சொல்வதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனது கேட்பதில்லை. அது மொத்த உப்பை மட்டுமே தோராயமாகக் காட்டும். கிருமியை, ஆர்செனிக்கை, பென்சீனை அது பார்ப்பதே இல்லை. 250 என்று காட்டிய தண்ணீரில் ஈ.கோலி நிறைந்திருந்ததை நேரில் கண்டிருக்கிறேன். அந்த வீட்டில் கைக்குழந்தைக்கு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

9. அறிக்கை வந்ததும் முதலில் அறிக்கையையே சோதியுங்கள்

மூன்று சரிபார்ப்புகள். முதலாவது, அலகு. நைட்ரேட்டைச் சில லேப்கள் நைட்ரேட்டாகவே தரும், சில நைட்ரஜனாகத் தரும். நைட்ரஜன் கணக்கை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட் வரும். தாளில் 12 என்று இருந்து அது நைட்ரஜன் கணக்கானால் உண்மையில் 53, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் லிட்டருக்கு 50 மி.கி. வரம்பைத் தாண்டியது. நைட்ரேட் கணக்கானால் 12 கவலைப்பட வேண்டாத அளவு. எந்தக் கணக்கு என்று தெளிவில்லாவிட்டால் லேபைக் கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது, "கண்டறியப்படவில்லை" என்ற சொல். எந்த அளவுக்குக் கீழே அவர்களால் கண்டறிய முடியாது என்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஆர்செனிக்குக்கு வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மி.கி. லேபின் கருவி 0.05-க்குக் கீழே பார்க்க முடியாதது என்றால், வரம்பைப் போல நான்கு மடங்கு இருந்தாலும் அதே சொல்தான் வரும்.

மூன்றாவது, மின்னூட்டச் சமன். தண்ணீரில் கரைந்த உப்புகள் நேர், எதிர் மின்னூட்டமுள்ள அயனிகளாகப் பிரிந்திருக்கும்; இரு பக்க மின்னூட்டமும் சமமாக இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றின் மி.கி. அளவையும் அதற்குரிய எண்ணால் வகுங்கள்: கால்சியம் 20, மக்னீசியம் 12.15, சோடியம் 23, பொட்டாசியம் 39.1, பைகார்பனேட் 61, குளோரைடு 35.5, சல்ஃபேட் 48, நைட்ரேட் 62. உதாரணமாக கால்சியம் 80, மக்னீசியம் 36, சோடியம் 115, பொட்டாசியம் 8 என்றால் 4.0, 2.96, 5.0, 0.2, கூட்டினால் 12.16. பைகார்பனேட் 305, குளோரைடு 177, சல்ஃபேட் 48, நைட்ரேட் 62 என்றால் 5.0, 4.99, 1.0, 1.0, கூட்டினால் 11.99. வித்தியாசத்தை இரண்டு கூட்டுத்தொகையும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் ஒரு சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். 15, 20 என்று போனால் ஏதோ ஒரு எண் தவறு, மறுசோதனை கேளுங்கள். காரத்தன்மையை கால்சியம் கார்பனேட் கணக்கில் தந்திருந்தால் 1.22-ஆல் பெருக்கியபின் பைகார்பனேட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

10. எண்களைச் சேர்த்துப் படிப்பது

ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக வரம்போடு ஒப்பிட்டால் குடிக்கலாமா என்பது மட்டும் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள்: ஈ.கோலி 100 மி.லி.யில் ஒன்றுகூடக் கூடாது. லிட்டருக்கு நைட்ரேட் 50, நைட்ரைட் 3, ஃபுளோரைடு 1.5, ஈயம் 0.01, யுரேனியம் 0.03 மி.கி. உங்கள் நாட்டின் அளவு இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எங்கிருந்து வருகிறது என்பது தெரிய எண்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டும்.

ஈ.கோலி இருக்கிறது, நைட்ரேட்டும் குளோரைடும் மேல்பக்கக் கிணற்றைப் போலவே குறைவு என்றால் கிணற்று வாயையோ பக்கத்தில் புதிதாக உடைந்த சாக்கடையையோ சந்தேகியுங்கள். மழைக்குப் பின் மட்டும் வந்தால் அநேகமாகக் கிணற்று வாய்தான்.

நைட்ரேட்டும் குளோரைடும் இரண்டும் சேர்ந்து ஏறி, ஈ.கோலி இல்லை என்றால் கழிவுநீர் மண்ணில் வடிகட்டப்பட்டு, கிருமி செத்து, உப்பு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பல காலமாக நடப்பதன் அடையாளம் இது. கிருமி இல்லை என்ற வரியை மட்டும் படித்து நிம்மதியடைபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எல்லோரையும் ஏமாற்றுவது அடுத்தது. ஒரு தெருவில் மற்ற போர்களில் எல்லாம் நைட்ரேட் 60, 70 என்று இருக்க, நடுவில் ஒன்றில் மட்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. அதுதான் நல்ல கிணறு என்று குடிக்கத் தொடங்கினார்கள். வாளியில் பிடித்தபோது தெளிவாக இருந்தது, லேசாக அழுகிய முட்டை வாடை. ராத்திரி முழுக்க வைத்தால் பழுப்பாகி, மேலே எண்ணெய் மாதிரி ஒரு பளபளப்பு. அறிக்கையில் அம்மோனியமும் இரும்பும் மாங்கனீஸும் அதிகம். அங்கே கழிவு அவ்வளவு அடர்த்தியாக இறங்கி, மண்ணில் இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும் தின்று முடித்திருந்தன. தெருவிலேயே மோசமான கிணறு அதுதான். நைட்ரேட் குறைவாக இருந்தால் அம்மோனியத்தையும் மாங்கனீஸையும் பார்க்காமல் சந்தோஷப்படாதீர்கள்.

அந்தப் பளபளப்பை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடித் தகடுபோல் உடைந்து துண்டுகளாகப் பிரிந்தால் இரும்பு நுண்ணுயிர் ஏடு. உடனே மறுபடி ஒன்றுசேர்ந்தால் பெட்ரோல், டீசல் வகை.

ஃபுளோரைடு, ஆர்செனிக், யுரேனியம் பெரும்பாலும் பாறையிலிருந்தே வருபவை. மேல் தண்ணீர் கெட்டுவிட்டது என்று போரை ஆழப்படுத்தும்போது, நைட்ரேட் குறைந்து இவை ஏறுவதுண்டு. ஆழப்படுத்தியபின் பழைய அறிக்கை செல்லாது. சோடியமும் குளோரைடும் மாதத்துக்கு மாதம் ஏறினால் அளவுக்கு மீறி இறைப்பதால் உப்புநீர் இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள், கடலோரத்தில் முக்கியமாக.

11. முடிவு வந்தபின் செய்ய வேண்டிய வரிசை

நைட்ரேட் 50-ஐத் தாண்டினால் முதல் வேலை, ஆறு மாதத்துக்குட்பட்ட புட்டிப்பால் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலப்பதை அன்றே நிறுத்துவது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகாது, தண்ணீர் ஆவியாகி நைட்ரேட்டின் அடர்த்தி கூடும்.

சுத்திகரிப்பைக் கெடுதலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். கொதிக்க வைப்பதும் யு.வி.யும் (புற ஊதா ஒளி) கிருமிக்கு மட்டும். கலங்கிய நீரில் யு.வி. வேலை செய்யாது. கரி வடிகட்டி வாடையையும் சில கரிமப் பொருள்களையும் பிடிக்கும், நைட்ரேட்டை விட்டுவிடும். சாஃப்ட்னர் கடினத்தன்மைக்கு மட்டும். ஆர்.ஓ. நைட்ரேட், ஃபுளோரைடு, பெரும்பாலான உலோகங்களைக் குறைக்கும். அதன் கழிவுநீரைப் போருக்குள் விடாதீர்கள்; எடுத்த கெடுதலை அடர்த்தியாக்கித் திருப்பி ஊற்றுவதாகிவிடும்.

கிருமிக்குக் குளோரின் போடுவதற்கு முன் ஓட்டையை அடையுங்கள். கேசிங்கைத் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டராவது உயர்த்தி, சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைத்து, வெளிப்பக்கம் சரியும் மேடை கட்டுங்கள். அதன்பின் கிணற்றில் நிற்கும் ஒவ்வொரு 1000 லிட்டருக்கும் 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 150 கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, குழாய்களில் குளோரின் வாடை வரும்வரை ஓட்டி, ஒரு இரவு விட்டு, காலையில் வாடை போகும்வரை இறைத்துவிடுங்கள். இறைத்த நீர் செப்டிக் டேங்க்குக்கோ செடிக்கோ குளத்துக்கோ போகக் கூடாது. இதற்கிடையில் யாரும் குடிக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து, குளோரின் சுத்தமாகப் போனபின் மறுபடி சோதியுங்கள். மறுநாளே சோதித்தால் கிருமி இல்லை என்றுதான் வரும்.

கைவிட்ட போரைக் குப்பையாலும் கட்டட இடிபாட்டாலும் நிரப்பாதீர்கள். சிமெண்ட் பாலையோ பெண்டோனைட் களியையோ அடியிலிருந்து மேலாக நிரப்பி மூட வேண்டும். மழைநீரைப் போருக்குள் விடுபவர்கள் கூரை நீரை மட்டும், முதல் மழையை வெளியே தள்ளி, வடிகட்டி விடுங்கள். சாலை நீரில் எண்ணெயும் ஈயமும் சாக்கடையும் கலந்திருக்கும்.

குரோமியம், கரைப்பான், பென்சீன் வந்தால் தெருவால் தனியாகச் சமாளிக்க முடியாது. குடிப்பதை நிறுத்தி, படம், நீர்மட்ட அம்பு, மேல்பக்க கீழ்ப்பக்க முடிவுகள் மூன்றையும் இணைத்து உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். தனி ஒரு அறிக்கைத் தாளை ஓரமாக வைத்துவிடலாம். அம்போடு வரும் படத்தை வைத்துவிடுவது கடினம்.

12. மறுபடி எப்போது?

கோடையின் கடைசியில் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கி நல்ல மழை பெய்தபின் ஒருமுறை. கோடையில் உப்பும் நைட்ரேட்டும் செறிவாகத் தெரியும், மழையில் கிருமி தெரியும். அதே கிணறு, அதே குழாய், முடிந்தால் அதே லேப். செலவைக் குறைக்க இடையில் மாதாமாதம் மின்கடத்துத்திறனை மட்டும் கைக்கருவியில் அளந்து குறித்துவாருங்கள். வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மாறினால் முழுச் சோதனைக்கு அனுப்புங்கள். பக்கத்து மனையில் புதிதாகக் குழி தோண்டினாலோ, சாக்கடை போட்டாலோ, போரை ஆழப்படுத்தினாலோ அட்டவணைக்குக் காத்திராமல் அந்த மாதமே எடுங்கள். அன்று காலை நீர்மட்டத்தையும் அளந்து, எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.